செடான் காரில் டெத் வேலி ரேஸ்டிராக் வரை போக முடியுமா?

கலிஃபோர்னியாவின் டெத் வேலியில், கற்கள் நகர்ந்த தடங்களைப் பார்க்க ரேஸ்டிராக் வறண்ட ஏரிக்கு வாடகை செடானில் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம்.

உபெஹீபி எரிமலை வாய் அருகே தார் ரோடு முடிந்துவிடும். அதற்கப்புறம் சுமார் 43 கிலோமீட்டர் மண்பாதை, தகரக் கூரை மாதிரி வரிவரியாக மேடும் பள்ளமும். செடானின் அடிப்பாகத்துக்கும் தரைக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளிகூடக் கிடையாது. ஆனால் நான் அதைவிடப் பயப்படுவது டயருக்குத்தான். கூர்மையான கற்கள் பக்கவாட்டில் கிழித்துவிட்டால் பஞ்சர் ஒட்டவே முடியாது. டிக்கியில் இருக்கும் ஒல்லி ஸ்டெப்னி அந்தப் பாதைக்குத் தாங்காது. போனில் சிக்னலும் இருக்காது, இழுவை வண்டி வந்துசேர மணிக்கணக்காகும், செலவும் பெரிது. வாடகை ஒப்பந்தத்தையும் படித்துப் பாருங்கள், பெரும்பாலும் மண்பாதைக்குத் தடை இருக்கும்.

போயே ஆகவேண்டும் என்றால் ஃபர்னஸ் கிரீக்கில் ஜீப் வாடகைக்குக் கிடைக்கும். ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் தண்ணீராவது எடுத்துக்கொள்ளுங்கள். செடான்தான் என்றால், கடல்மட்டத்துக்கு 86 மீட்டர் கீழே உள்ள பேட்வாட்டர் உப்புவெளிக்குத் தார் ரோட்டிலேயே போய்வரலாம்.