வதந்தி எது, செய்தி எது? கொரோனாவின் முதல் மாதங்கள்: கேள்வி பதில்

2020ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு மாவட்ட அரசு ஆய்வகத்தில் நுண்ணுயிரியலாளராக இருந்தேன். பகலெல்லாம் சளி மாதிரிகளைச் சோதிப்பேன். இரவில் உறவினர்கள் வாட்ஸ்அப்பில் கேட்கும் சந்தேகங்களுக்குப் பதில் எழுதுவேன். அந்த நாள்களில் காதில் விழுந்தவற்றில் எது உண்மை, எது பொய் என்று இப்போதும் பலருக்குக் குழப்பம் இருக்கிறது. வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

நாமக்கல்லிலிருந்து ஒரு கோழிப்பண்ணைக்காரர்: கோழி சாப்பிட்டால் கொரோனா வரும் என்ற ஒற்றை வரியால் 2020 மார்ச்சில் எங்கள் பிழைப்பே படுத்துவிட்டது. அந்தப் பேச்சுக்கு ஏதாவது அடிப்படை இருந்ததா?

இல்லை ஐயா. ஆனால் அது எங்கிருந்து முளைத்தது என்று சொல்ல முடியும். கொரோனா என்பது ஒரே ஒரு கிருமியின் பெயரல்ல, ஒரு குடும்பத்தின் பெயர். கோழிகளின் மூச்சுக்குழலைத் தாக்கும் ஒரு கொரோனா வைரஸ் 1930களிலிருந்தே அறியப்பட்டது. நீங்கள் குஞ்சுகளுக்குப் போடும் தடுப்பு மருந்துகளில் ஒன்று அதற்கானதுதான். அது மனிதரைத் தொடுவதில்லை. 'கோழிக்கு வரும் கொரோனா' என்பது வரை உண்மை. 'அதுதான் இது' என்று யாரோ ஒட்டிய வால் பொய். கிருமிநாசினிப் புட்டியின் லேபிளில் கொரோனா என்று அச்சிட்டிருப்பதைப் படம்பிடித்து, 'இவர்களுக்கு முன்பே தெரிந்திருக்கிறது' என்று பரப்பினார்களே, அதுவும் இதே குழப்பம்தான்.

போதாக்குறைக்கு, அதே மார்ச்சில் கோழிக்கோட்டில் பறவைக் காய்ச்சல் வந்தது. இரண்டு செய்திகளும் ஒன்றாகக் கலந்துவிட்டன. எங்கள் தெருக் கறிக்கடையில் அந்த வாரங்களில் ஈயாடியது. நான் அங்கே நின்று ஒரு கிலோ வாங்கியபோது எதிர்வீட்டு அம்மா, "நீங்களே வாங்குகிறீர்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் தானும் வாங்கினார். பின்னர் ஆய்வகங்களில் கோழிக்கும் வாத்துக்கும் இந்த வைரஸைச் செலுத்திப் பார்த்தார்கள். அவற்றின் உடலில் அது வளரவில்லை. பூனைக்குத் தொற்றியது, கோழிக்குத் தொற்றவில்லை.

திருச்சியிலிருந்து ஒரு பள்ளி ஆசிரியை: வூகானில் முதலில் எச்சரித்த மருத்துவரையே 'வதந்தி பரப்பியவர்' என்றுதானே பிடித்தார்கள்? அப்படியானால் வதந்தி என்ற சொல்லுக்கு என்னதான் பொருள்?

இந்தக் கேள்வியை மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் வைத்திருக்க வேண்டும் அம்மா. நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

2019 டிசம்பர் 30 அன்று வூகான் மத்திய மருத்துவமனையின் அவசரப் பிரிவுத் தலைவர் ஐ ஃபென்னிடம் ஒரு நோயாளியின் பரிசோதனை அறிக்கை வருகிறது. அதில் 'சார்ஸ் கொரோனா வைரஸ்' (2003இல் பல நாடுகளில் பரவிய கடும் நுரையீரல் நோயின் கிருமி) என்றிருந்த இடத்தைச் சிவப்பு மையால் வட்டமிட்டுச் சக மருத்துவர் ஒருவருக்கு அனுப்புகிறார். அது கைமாறி அதே மருத்துவமனையின் கண் மருத்துவர் லி வென்லியாங்கிடம் போகிறது. அவர் தன்னோடு படித்தவர்களின் குழுவில், கடலுணவுச் சந்தையோடு தொடர்புடைய ஏழு பேருக்கு சார்ஸ் வந்திருக்கிறது என்று எழுதுகிறார். சற்று நேரத்தில் அவரே திருத்துகிறார்: கொரோனா வைரஸ் என்பது உறுதி, எந்த வகை என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். வெளியே பரப்ப வேண்டாம், குடும்பத்தாரை மட்டும் எச்சரியுங்கள் என்றும் கேட்டுக்கொள்கிறார்.

ஜனவரி 1 அன்று, வதந்தி பரப்பிய எட்டுப் பேர் மீது நடவடிக்கை எடுத்ததாக வூகான் காவல்துறை அறிவித்தது. ஜனவரி 3 அன்று லி வென்லியாங்கை அழைத்துக் கண்டனக் கடிதத்தில் கையெழுத்து வாங்கினார்கள். பிப்ரவரி 7 அன்று அதே நோயால் அவர் இறந்தார். மார்ச்சில் அந்தக் கண்டனத்தைத் திரும்பப் பெற்று, காவல்துறை குடும்பத்தாரிடம் மன்னிப்புக் கேட்டது. அந்த 'வதந்தி'யை மக்கள் அன்றே நம்பி முகக்கவசம் அணிந்திருந்தால் நல்லதாகப் போயிருக்கும் என்ற கருத்தைச் சீன உச்ச நீதிமன்றமே ஜனவரி இறுதியில் தன் சமூக ஊடகப் பக்கத்தில் வெளியிட்டது.

'சார்ஸ்' என்று அவர் எழுதியது துல்லியமாகப் பார்த்தால் தவறு. இது அதன் நெருங்கிய உறவான புதிய வைரஸ். ஆனாலும் அதை வதந்தி என்று சொல்ல என் வாய் வராது. அவர் கையில் அறிக்கை இருந்தது, எங்கிருந்து வந்தது என்று தெரிந்திருந்தது, பிழையென்று தெரிந்ததும் திருத்தினார். அரசு சொல்லாததெல்லாம் வதந்தியாகிவிடாது. மூலம் கேட்டால் காட்ட ஆளில்லாத, பிழையென்றால் திருத்த ஆளில்லாத பேச்சைத்தான் நான் வதந்தி என்பேன்.

சென்னையிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: உலக சுகாதார நிறுவனமே மாற்றி மாற்றிப் பேசியது. பிறகு யாரை நம்புவது?

கோபம் நியாயமானது தம்பி. 2020 ஜனவரி 14 அன்று, மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவுவதற்குத் தெளிவான ஆதாரம் கிடைக்கவில்லை என்று சீன அதிகாரிகளின் முதற்கட்ட விசாரணையை மேற்கோள் காட்டி அந்த நிறுவனம் ட்விட்டரில் எழுதியது. ஆறே நாளில், ஜனவரி 20 அன்று, சீன நிபுணர் ஜோங் நான்ஷான் தொலைக்காட்சியில் தோன்றி, பரவுகிறது என்று உறுதிசெய்தார். 'ஆதாரம் கிடைக்கவில்லை' என்பதை ஊரெல்லாம் 'பரவாது' என்று படித்தது. இரண்டுக்கும் இடையே மலையளவு வேறுபாடு உண்டு. ஆய்வகத்தில் நாங்கள் நாள்தோறும் இதனோடுதான் போராடுவோம்: சோதனையில் நெகட்டிவ் என்றால் நோய் இல்லை என்று பொருளல்ல, அந்த மாதிரியில் கிடைக்கவில்லை என்று பொருள்.

மார்ச் 28 அன்று 'இந்த நோய் காற்றில் பரவுவதல்ல' என்று அவர்கள் அடித்துச் சொன்னதை மட்டும் என்னால் அப்படிச் சமாதானம் சொல்ல முடியாது. அது தவறு. அன்றைக்கே மறுத்துப் பேசிய விஞ்ஞானிகள் இருந்தார்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும். அந்த ஒரு வரியால் அடைத்த ஏசி அறைகளில் எத்தனை பேர் அச்சமின்றி உட்கார்ந்திருப்பார்கள் என்று நினைக்கும்போது இன்றும் மனம் ஆறவில்லை.

ஈரோட்டிலிருந்து ஒரு வாசகி: சீனப் பெண் வௌவால் சூப் சாப்பிடும் வீடியோ?

2016இல் பலாவ் என்ற பசிபிக் தீவு நாட்டில் ஒரு பயண நிகழ்ச்சிக்காக எடுத்தது. வூகானும் அல்ல, 2019உம் அல்ல.

தூத்துக்குடியிலிருந்து ஒரு வாசகர்: பத்து விநாடி மூச்சை அடக்க முடிந்தால் நோய் இல்லை என்றார்களே?

தொற்று உள்ள இளைஞர்கள் பலரால் அரை நிமிடம்கூட அடக்க முடியும்; தொற்றே இல்லாத ஆஸ்துமா நோயாளியால் முடியாமல் போகலாம். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் பெயரில் சுற்றியது. தாங்கள் சொல்லவில்லை என்று அவர்களே மறுத்தார்கள்.

மதுரையிலிருந்து ஒரு மளிகைக் கடைக்காரர்: நம் ஊர் வெயிலுக்கு நிற்காது என்று நானே வாடிக்கையாளர்களிடம் சொல்லியிருக்கிறேன்.

நம்ப ஆசைப்பட்டதால் நம்பினோம் அண்ணாச்சி. தொற்று பரவியதால் சென்னையின் கோயம்பேட்டுச் சந்தையை மூடியது 2020 மே 5 அன்று. அக்கினி நட்சத்திர வெயில் கொளுத்திய நேரம் அது. வெளியே வெயில் எப்படியிருந்தாலும் நம் உடம்புக்குள் 37 டிகிரிதான். மனிதர்கள் நெருங்கி நின்று மூச்சுவிடும் இடத்தில் வைரஸுக்கு வெயில் ஒரு பொருட்டாக இருக்கவில்லை.

தஞ்சாவூரிலிருந்து ஓர் இல்லத்தரசி: பால் பாக்கெட்டைக்கூடச் சோப்புப் போட்டுக் கழுவினோமே, வீண்தானா?

அன்று இருந்த அறிவுக்கு அது தவறில்லை அம்மா. மார்ச் 22 மக்கள் ஊரடங்குக்கு முன், 'வைரஸின் ஆயுள் 12 மணி நேரம், 14 மணி நேரம் வீட்டிலிருந்தால் சங்கிலி அறுந்துவிடும்' என்ற செய்தி சுற்றியது. அதற்குச் சில நாள்கள் முன்புதான், பிளாஸ்டிக்கிலும் எஃகிலும் 72 மணி நேரம் வரையும் அட்டையில் 24 மணி நேரம் வரையும் வைரஸைக் கண்டறிய முடிந்தது என்று ஓர் ஆய்வு வெளியாகியிருந்தது. அந்த ஆய்வு நேர்மையானது. ஆனால் ஆய்வகத்தில் ஏராளமான வைரஸை வைத்துப் பார்த்தது. கடையிலிருந்து வரும் பாக்கெட்டில் அவ்வளவு இருக்காது. பொருள்களைத் தொட்டு வருவது அரிது, காற்றில் வருவதே மிகுதி என்பது பிறகுதான் தெளிவானது. கழுவிய கைகளுக்கு நஷ்டமில்லை. ஜன்னலைத் திறந்து வைக்கவும் அன்றே சொல்லியிருக்கலாம்.

சேலத்திலிருந்து ஒரு பொறியாளர்: ஆய்வகத்திலிருந்து கசிந்தது என்பது வதந்தியா, உண்மையா?

இரண்டு கூற்றுகளை ஒன்றாக்கிவிட்டார்கள். உயிரி ஆயுதமாகச் செய்து ஏவினார்கள் என்பதற்கு ஆதாரம் இல்லை. ஆய்வகத்தில் ஏதோ விபத்து நடந்திருக்கலாம் என்பது இன்னும் முடிவாகாத கேள்வி. விலங்கிலிருந்து நேரே வந்தது என்பதும் அப்படியே. கேட்ட தரவுகளைச் சீனா முழுமையாகத் தரவில்லை. 2020இல் இந்தக் கேள்வியையே வதந்தி என்று சொல்லி மூடியவர்கள் செய்தது தவறு.

சென்னையிலிருந்து ஒரு செவிலியர்: இறந்த மருத்துவரைப் புதைக்க விடாமல் கல்லெறிந்தார்களே அம்மா. அதுவும் ஒரு வதந்தியால்தானே?

ஆமாம் தங்கையே. 2020 ஏப்ரல் 19 இரவு நடந்தது. கொரோனாவால் இறந்த நரம்பியல் அறுவை மருத்துவரின் உடலைப் புதைத்தால் அந்தப் பகுதிக்கே நோய் வரும் என்று கூட்டம் கூடி, ஆம்புலன்ஸைத் தாக்கியது. ஊழியர்கள் காயமடைந்தார்கள். கடைசியில் வேறொரு இடுகாட்டில், நள்ளிரவில், அவருடைய சக மருத்துவர் ஒருவர் தன் கையாலேயே மண் தள்ளிப் புதைத்தார்.

இறந்தவர் மூச்சுவிடுவதில்லை, இருமுவதில்லை. உறையிலிட்டு ஆழக் குழிதோண்டிப் புதைத்த உடலிலிருந்து தெருவுக்கு நோய் வர வழியே இல்லை. இதை அந்தத் தெருக்காரர்களிடம் முன்பே வீடு வீடாகச் சென்று யாரும் சொல்லவில்லை. சுகாதாரத் துறையில் இருந்த எங்களுக்கும் அதில் பங்குண்டு. அதன் பிறகுதான், அடக்கத்தைத் தடுப்பதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கி மாநில அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது.

கும்பகோணத்திலிருந்து ஒரு மருமகள்: என் மாமனார் வந்ததையெல்லாம் அப்படியே அனுப்புகிறார். எடுத்துச் சொன்னால் கோபப்படுகிறார். என்ன செய்வது?

குடும்பக் குழுவில் எல்லோர் முன்னாலும் திருத்தாதீர்கள். தனியே போனில் பேசுங்கள். பொய் என்று சொல்லாதீர்கள், கேள்வி கேளுங்கள்.

இரவு பத்து மணிக்கு மேல் ஹெலிகாப்டரில் மருந்து தெளிக்கப் போகிறார்கள், துணிகளை உள்ளே எடுத்து வையுங்கள் என்று என் பெரியப்பா அனுப்பினார். நான் கேட்டது இவ்வளவுதான்: "பெரியப்பா, எந்த ஊரில் தெளித்தார்களாம்? பார்த்தவர் யார்?" அவர் தனக்கு அனுப்பிய நண்பரிடம் கேட்டார். நண்பர் தன் மைத்துனரிடம், மைத்துனர் தன் அலுவலகத்தில். மறுநாள் மாலை பெரியப்பா கூப்பிட்டார். "ஒருத்தரும் பார்க்கவில்லையாம்மா. எல்லோரும் யாரோ அனுப்பியது என்கிறார்கள். நான் யார் யாருக்கு அனுப்பினேனோ அவர்களிடம் இல்லையென்று சொல்லிவிட்டேன்" என்றார். மொட்டைமாடியில் துணி காய்ந்துகொண்டிருப்பதாகவும் சொன்னார்.