வர்த்தக ஒப்பந்தமும் மாகாண சபையும்: திருகோணமலை கேள்வி பதில்

கேள்வி (மூதூர், விவசாய சங்கம்): வெளிநாட்டு அரிசிக்குத் தீர்வையைக் குறைத்து அரசு ஒப்பந்தம் போட்டால் கிழக்கு மாகாண சபை நிறுத்தலாமா?

பதில்: முடியாது, ஐயா. அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தோடு வந்த ஒன்பதாம் அட்டவணை, வெளிநாட்டு வர்த்தகத்தை மத்திக்கு ஒதுக்கிய பட்டியலில் வைத்திருக்கிறது. விவசாயம், சந்தைகள், மாகாணத்துக்குள் உணவு விநியோகம் ஆகியவை மாகாணப் பட்டியலில் உள்ளன. அதனால் ஒப்பந்தத்தின் அடி விழும் இடம் மாகாணம்தான், ஆனால் மேசையில் அதற்கு நாற்காலி இல்லை.

செய்யக்கூடியது, பேச்சுவார்த்தை நடக்கும்போதே எழுதுவது. "எங்கள் விவசாயிகள் பாதிக்கப்படுவர்" என்ற கடிதத்தால் வர்த்தகத் திணைக்களத்துக்கு ஒரு பயனுமில்லை. சுங்கக் குறியீட்டைப் போடுங்கள்: அரிசி 1006, வெங்காயம் 0703, கருவாடு 0305. அதற்குக் கீழே எட்டு இலக்கம் வரை இறங்குங்கள், ஏனென்றால் தீர்வைச் சலுகை கொடுப்பதும் மறுப்பதும் அந்த மட்டத்தில்தான். இன்றைய தீர்வை என்ன, உங்கள் பக்கம் பெரும்போக அறுவடையும் சிறுபோக அறுவடையும் எந்த மாதங்களில் வருகின்றன என்று எழுதுங்கள். அந்தப் பொருளுக்கு ஒப்பந்தத்திலிருந்து முழு விலக்கு வேண்டுமா, அளவுக் கட்டுப்பாடு வேண்டுமா, ஆண்டாண்டாகக் குறைப்பதை ஏற்பீர்களா என்பதையும் சொல்லுங்கள். இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை. ஒப்பந்தம் சுங்கத் தீர்வையை மட்டும் தொடுகிறதா, இறக்குமதி மீது வேறாக அறவிடும் செஸ் வரியையும் விசேட வியாபாரப் பண்ட அறவீட்டையும் சேர்த்துத் தொடுகிறதா என்று வரைவிலக்கணப் பகுதியில் பாருங்கள். பத்திரிகைச் செய்தியில் அது இருக்காது. ஒப்பந்தத்தின் இணைப்புகளைப் படியுங்கள், கையெழுத்துக்கு முன் படியுங்கள்.

கேள்வி (கிண்ணியா): வேறு நாடுகளில் மாநிலங்களுக்குச் சொல் உண்டா?

பதில்: உண்டு, நானா. பெல்ஜியத்தின் வலோனியாப் பிராந்தியப் பாராளுமன்றம் 2016 அக்டோபரில் கனடா–ஐரோப்பிய ஒன்றிய ஒப்பந்தத்துக்கு "இல்லை" என்றது. கையெழுத்து விழா தள்ளிப்போனது. ஒப்பந்தத்தின் பொருளைத் தெளிவாக்கும் விளக்கப் பிரகடனம் எழுதிக் கொடுத்த பிறகே, 30ஆம் திகதி ஒப்பமிட்டார்கள். பிராந்தியத்தின் சம்மதம் தேவை என்று அந்நாட்டு அரசியலமைப்பே சொல்வதால் இது நடந்தது.

அமெரிக்க மாநிலங்களுக்கு அந்தத் தடுப்பதிகாரம் இல்லை. ஆனால் மெய்ன் மாநிலத்தில் சட்டத்தால் அமைந்த ஆணைக்குழு ஒன்று பொதுமக்களைக் கூட்டிக் கேட்டு, மாநிலச் சட்டங்களில் எவை ஒப்பந்தத்தோடு மோதும் என்று பார்த்து அறிக்கை கொடுக்கிறது. மோதல் கற்பனையல்ல. கலிபோர்னியா எம்.டி.பி.ஈ என்ற பெற்றோல் சேர்மானத்தைத் தடை செய்தபோது, மெத்தனெக்ஸ் என்ற கனேடிய நிறுவனம் வட அமெரிக்க வர்த்தக ஒப்பந்தத்தின் கீழ் ஏறத்தாழ 97 கோடி டொலர் கேட்டு வழக்குப் போட்டது. நிறுவனம் தோற்றது, ஆனால் தீர்ப்பு 2005இல்தான் வந்தது. மாநிலச் சட்டத்துக்காக வழக்காடியது மத்திய அரசு. நம்மிடம் இப்படியொரு குழு வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

கேள்வி (சட்ட மாணவர், உவர்மலை): அரசியலமைப்பின் 154எ(3) உறுப்புரையை மறந்துவிட்டீர்கள். மாகாணப் பட்டியல் விடயத்தில் சட்டமூலம் வந்தால் ஜனாதிபதி எல்லாச் சபைகளுக்கும் கருத்துக் கேட்டு அனுப்ப வேண்டும். சபையே இல்லாதபோது?

பதில்: மறக்கவில்லை, தம்பி. அந்த உறுப்புரை சட்டமூலத்துக்கு. ஒப்பந்தம் சட்டமூலமாக வருவதில்லை, அமைச்சரவை அனுமதியோடு ஒப்பமிடப்படுகிறது. சிங்கப்பூர் ஒப்பந்தம் 2018 ஜனவரி 23இல் ஒப்பமாகி மே 1இல் நடைமுறைக்கு வந்தது. தீர்வையை மாற்ற 1962ஆம் ஆண்டின் வருமானப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வர்த்தமானிக் கட்டளை போதும்.

கேள்வி (அவரே): திவிநெகும என்ற வறுமை ஒழிப்புச் சட்டமூலம் பற்றி உயர் நீதிமன்றம் 2012இல் கொடுத்த தீர்ப்பு?

பதில்: நல்ல தீர்ப்பு. சபைகளுக்கு அனுப்பியே ஆக வேண்டும் என்றது. அமையாத சபைக்காக ஆளுநர் கருத்துச் சொல்ல முடியாது என்றும் பிறகு சொன்னது. கிழக்குச் சபையின் காலம் 2017 செப்டெம்பர் 30இல் முடிந்ததிலிருந்து அது நமக்கும் பொருந்தும் வாதம்தான். ஆனால் அதுவும் சட்டமூலத்தைப் பற்றியது. ஒப்பந்தத்துக்காகக் கமநல அபிவிருத்திச் சட்டத்தைத் திருத்த வந்தால், ஒழுங்குப் பத்திரத்தில் சேர்ந்த நாளே 121ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றத்துக்கு மனுவைத் தயாராக்குங்கள். சபாநாயகர் சான்றுரைத்த பிறகு 80(3)ஆம் உறுப்புரை நீதிமன்றக் கதவை மூடிவிடும்.

கேள்வி (அவரே): முதலீட்டு ஒப்பந்தம்?

பதில்: அது 157ஆம் உறுப்புரை. 225 பேரில் மூன்றில் இரண்டு, அதாவது 150 பேர் அங்கீகரித்தால் சட்ட வலு பெறும். அதற்கு முரணாகப் பிறகு சட்டம் செய்ய முடியாது, தேசியப் பாதுகாப்புக்காகத் தவிர. வர்த்தக ஒப்பந்தம், சட்டமூலம், முதலீட்டு ஒப்பந்தம் ஆகிய மூன்றிலும் ஆபத்தானது இதுவே.

கேள்வி (சம்பூர்): தேர்தல் நடந்து சபை வந்தால் ஒப்பந்தத்தை நிறுத்தலாமா?

பதில்: முதல் பதிலைப் பாருங்கள்.

கேள்வி (தம்பலகாமம்): சபை நிறுத்தலாம் என்று ஒருவர் சொன்னாரே?

பதில்: முடியாது. மூன்றாவது முறை சொல்கிறேன். சபை இல்லாத இந்நேரத்தில் மாவட்டத்தின் நான்கு எம்.பி.க்கள் மூலம் பாராளுமன்றத் துறைசார் மேற்பார்வைக் குழுவுக்கு ஒப்பந்தத்தின் இணைப்பைப் பற்றி எழுதுங்கள்.

கேள்வி (சீனக்குடா): எண்ணெய்த் தாங்கிகள்?

பதில்: அது குத்தகை, வர்த்தக ஒப்பந்தமல்ல. காணி, எரிசக்தி அறிந்தவரிடம் கேளுங்கள்.

கேள்வி (நிலாவெளி, கடற்றொழிலாளர்): மண்ணெண்ணெய் மானியத்தை உலக வர்த்தக அமைப்பு நிறுத்துமா?

பதில்: 2022 ஜூன் 17இல் ஏற்றுக்கொள்ளப்பட்ட மீன்பிடி மானிய ஒப்பந்தம் 2025 செப்டெம்பர் 15 முதல் நடைமுறையில் உள்ளது. அது தடுப்பது சட்டவிரோத மீன்பிடிக்கும், அளவுமீறிப் பிடித்துக் குறைந்துபோன மீனினங்களுக்கும், எவர் கட்டுப்பாட்டிலும் இல்லாத ஆழ்கடலுக்கும் கொடுக்கும் மானியத்தை. கரையோரப் படகுக்கு எரிபொருள் கொடுப்பதே குற்றமல்ல. ஆனால் படகு பதிவில்லாமல், உரிமம் இல்லாமல் ஓடினால் சிக்கல் முதல் வகையில் வரும். உங்கள் சங்கத்தில் எத்தனை படகுகளுக்குப் பதிவு புதுப்பிக்கப்படவில்லை என்று இந்த வாரமே எண்ணிப் பாருங்கள், அண்ணன்.