திருச்செந்தூர் சத்திரங்கள், லாட்ஜுகள்: கட்டட வரலாற்றை எங்கே தேடுவது?

திருச்செந்தூரில் சத்திரங்களும் மண்டபங்களும் இருந்த தெருக்களில் லாட்ஜுகள் எப்படி வந்தன, அதற்கு ஆதாரம் எங்கே கிடைக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். தூத்துக்குடி தனி மாவட்டமானது 1986இல்தான். அதற்கு முந்தைய ஆவணங்களைத் திருநெல்வேலி மாவட்டத்தின் பெயரில் தேடுங்கள். ஆங்கிலேயர் காலக் கோப்புகளுக்குச் சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகம். போகும் முன் 1917ஆம் ஆண்டுத் திருநெல்வேலி கெசட்டியரை (மாவட்ட விவரத் தொகுப்பு நூலை) புரட்டிவிடுங்கள். நெல்லையிலிருந்து ரயில் வந்தது 1923இல். கட்டடங்களை அதற்கு முன், பின் என்று பிரித்துக்கொள்வது நல்லது.

அப்புறம், காகிதத்தைவிடக் கட்டடமே நிறையப் பேசும். பழைய சத்திரம் என்றால் வாசலுக்கு மேலே கல்லில் யார் கட்டியது, எந்த ஆண்டு என்று வெட்டியிருக்கிறதா என்று பாருங்கள். ஆயிரத்துச் சொச்சம் என்று இருந்தால் அது கேரளத்திலும் நெல்லைப் பக்கத்திலும் வழங்கிய கொல்லம் ஆண்டுக் கணக்கு; 824 அல்லது 825ஐக் கூட்டினால் ஆங்கில ஆண்டு வந்துவிடும். கூரையையும் அண்ணாந்து பாருங்கள். தேக்குச் சட்டத்தின் மேல் செங்கல்லை நெருக்கி அடுக்கிச் சுண்ணாம்பிட்ட மட்டப்பா என்றால், கான்கிரீட் பரவுவதற்கு முந்தைய கைவேலை அது.

லாட்ஜ் முகப்பை மட்டும் நம்பாதீர்கள். உப்புக்காற்றில் உள்கம்பி துருப்பிடித்துக் காரை பெயர்வதால் முகப்பைத் திரும்பத் திரும்பப் பூசுவார்கள். மாடிப்படியும் பின்சுவரும்தான் பழைய வேலையைக் காட்டும். இடம் கைமாறிய கதைக்குச் சர்வே எண்ணைக் கொடுத்து வில்லங்கச் சான்று வாங்கிப் பாருங்கள்.