டொமிற்றியானுஸ் நாணயம்: சில நாள் பேரரசரின் முகம்

கேள்வி: காலஞ்சென்ற என் பெரியப்பாவின் சேகரிப்பில் டொமிற்றியானுஸ் என்ற பெயர் பொறித்த உரோம நாணயம் ஒன்று உள்ளது. சில நாட்களே ஆண்ட கிளர்ச்சிக்காரர் ஒருவருடையது, மிக அரியது என்கிறார் நண்பர். அத்தனை குறுகிய காலத்தில் நாணயம் அச்சிட முடியுமா? – வாசகர், வெள்ளவத்தை

பதில்: முடியும். படைவீரர்களே பேரரசரை உருவாக்கிய 3ஆம் நூற்றாண்டில், அவர்களுக்குச் சம்பளம் கொடுக்கவும் புதியவரின் பெயரை ஊரறியச் செய்யவும் நாணயமே கைகொடுத்ததால், பதவியேற்றவர் முதலில் தேடியது அச்சுக்கூடத்தைத்தான். 260ஆம் ஆண்டளவில் தன்யூப் எல்லையில் கலகம் செய்த ரெகாலியானுஸ், புதிய தகடுகளுக்குக்கூடக் காத்திராமல் பழைய வெள்ளி நாணயங்களின் மேலேயே தம் அச்சை அடித்தார். உற்றுப் பார்த்தால் அவருடைய முகத்தினருகே முந்தைய எழுத்துகள் அரைகுறையாகத் தெரியும்.

271ஆம் ஆண்டளவில் கோல் பகுதியில் (இன்றைய பிரான்சும் அதைச் சூழ்ந்த நிலமும்) எழுந்த டொமிற்றியானுஸின் நாணயம் ஒன்று, 1900இல் பிரான்சில் ஒரு புதையலில் கிடைத்தது. வேறெங்கும் இணை இல்லாததால், அதைப் போலி என்றே பலர் ஒதுக்கினர். 2003இல் இங்கிலாந்தின் ஒக்ஸ்போட்ஷயரில், ஏறத்தாழ 5,000 நாணயங்கள் துருவேறி ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்த பானை அகப்பட்டது. பிரித்தானிய அருங்காட்சியகத்தார் அவற்றைப் பிரித்தபோது இரண்டாவது நாணயம் வெளிவந்தது. முதல் நாணயத்தை அடித்த அதே அச்சிலிருந்து வந்தது. நூற்றாண்டுகளாக இறுகிக்கிடந்த குவியலுக்குள் போலியை நுழைக்க யாரால் இயலும்? இந்த இரண்டாவது நாணயம் இப்போது ஒக்ஸ்போட் அஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் உள்ளது.

உங்கள் நண்பரின் உற்சாகத்துக்கு ஒரு தடை உண்டு. 81 முதல் 96 வரை ஆண்ட புகழ்பெற்ற பேரரசரின் பெயரும் டொமிற்றியானுஸ்தான்; அவருடைய நாணயங்கள் ஏராளம். அவற்றில் முகம் பெரும்பாலும் தாடியின்றி இருக்கும். கிளர்ச்சிக்காரர் தாடியுடன், முள்முள்ளாக நீளும் கதிர்முடி சூடியிருப்பார். பின்புறத்தில் ‘படைவீரரின் ஒற்றுமை’ என்ற பொருளில் இலத்தீன் வாசகம் இருக்கும். (ஒற்றுமை நீடிக்கவில்லை என்பது வேறு விடயம்.) இலங்கை மண்ணில் கிடைக்கும் உரோமக் காசுகளில் பெரும்பாலானவை 4ஆம், 5ஆம் நூற்றாண்டுகளின் சிறு செப்புக் காசுகள் என்பதையும் மனத்திற்கொள்ளுங்கள்.

விளிம்பைச் சுற்றி மெல்லிய கோடு ஓடினால், அது அச்சால் அடித்ததன்று, உருக்கிய உலோகத்தை வார்த்துச் செய்த போலியாக இருக்கலாம். நாணயவியல் அறிந்த ஒருவரிடம் காட்டும்வரை அதைக் கழுவவேண்டாம். பளபளப்பாக்கும் ஆசையில் புளி போட்டுத் தேய்க்கவே வேண்டாம்.