“95% உறுதி” என்று செயற்கை நுண்ணறிவுக் கருவி சொன்னால் உதவித்தொகை விண்ணப்பத்தை நிராகரிக்கலாமா?

நிராகரிக்கக் கூடாது, அந்த எண்ணை நம்பி எடுத்த முடிவு தவறானால், பொறுப்பு கையெழுத்திடும் உங்களுடையதும் உங்கள் நிறுவனத்துடையதுமே தவிர, கருவியுடையது அல்ல.

அந்த 95% ஓர் உரையாடல் செயலியிடம் கேட்டுப் பெற்ற எண் என்றால், அது கணக்கிட்டு வந்த நிகழ்தகவாக இருக்க வாய்ப்பு குறைவு. மற்ற சொற்களைப் போலவே, செயலியை இயக்கும் மொழி மாதிரி உருவாக்கிய இன்னொரு சொல்தான் அதுவும். 2023இல் வெளியான ஜிபிடி-4 என்ற மொழி மாதிரியின் தொழில்நுட்ப அறிக்கையே, பிந்தைய பயிற்சிக்கு (அடிப்படைப் பயிற்சிக்குப் பிறகு பதில்களைச் செம்மைப்படுத்தும் கட்டத்துக்கு) பின் மாதிரியின் உறுதிக்கும் விடைகளின் சரித்தன்மைக்கும் உள்ள பொருத்தம் குறைந்ததைக் காட்டுகிறது.

ஒரு சோதனை செய்யுங்கள். முடிவு தெரிந்த பழைய விண்ணப்பங்கள் நூறை, பெயர்களையும் முடிவையும் நீக்கிவிட்டுச் செயலியிடம் கொடுத்து, 95% என்று அது சொன்னவற்றில் எத்தனை சரி என்று எண்ணுங்கள். 70% மட்டுமே சரி என்றால் அந்த எண்ணைக் கைவிடுங்கள். பிழைகள் யார் மீது விழுந்தன என்பதையும் அவசியம் பாருங்கள். எனக்கு இதுவே முக்கியமாகப் படுகிறது, ஏனெனில் ஒரே பிரிவினர் மீது பிழை குவிந்திருந்தாலும் சராசரி அதை மறைத்துவிடும்.

பழைய முடிவுகளிலேயே பாரபட்சம் இருந்திருந்தால், இச்சோதனை அதையும் சரியென்றே எண்ணும். ஆகவே நிராகரிக்கப்படுபவருக்குக் காரணத்தைச் சொல்லி, ஒரு மனிதரிடம் மறுபரிசீலனை கோரவும் வழி வையுங்கள்.