ஏஐ ஏஜென்ட் படிப்பதற்கு டூல் விளக்கம் எழுதுவது எப்படி?

கேள்வி: ஏஐ ஏஜென்ட்கள் பயன்படுத்தும் மென்பொருள் டூல்களுக்கு விளக்கம் எழுதும்போது எதைக் கவனிக்க வேண்டும்? மனிதருக்கு எழுதுவதைப் போலவே எழுதினால் போதாதா?

போதாது. இதைக் கிளிநொச்சிப் பக்கத்து அரிசி ஆலை ஒன்றுக்கு வேலை செய்யும்போதுதான் படித்தேன். அங்கே நெல் கொள்முதலைப் பதிவதற்கு ஒரு சின்ன ஏஜென்ட் செய்து கொடுத்திருந்தேன். முதலாளி போனில் தமிழில் சொல்லுவார், ஏஜென்டுக்குள் இருக்கிற ஏஐ மொடல் அதைப் புரிந்து, டூல் எனப்படும் சிறு நிரலை அழைத்துப் பதிவேட்டில் ஏற்றும்.

காலபோக அறுவடை நேரம். லொறி ஒன்று வந்து இறக்கிவிட்டுப் போனது. அவர் "42 மூட்டை" என்று சொன்னார். பின்னேரம் எனக்கு அழைப்பு. "தம்பி, ரெண்டரைத் தொன்னுக்கு மேல நெல் வந்திருக்கு. இதில 42 கிலோ எண்டு கிடக்கு!"

பிழை ஏஜென்டில் இல்லை. நான் எழுதிய விளக்கத்தில் "அளவு: எண்" என்று மட்டும்தான் இருந்தது. ஆலையில் நிற்கிற எவருக்கும் அந்த இடத்தில் தராசில் நிறுத்த கிலோவைப் போட வேண்டும் என்று தெரியும். தெரியாத புதுப் பெடியன் வந்தால் பக்கத்தில் நிற்பவரைக் கேட்பான். ஏஜென்டுக்குப் பக்கத்தில் ஆள் இல்லை. டூலின் பெயர், விளக்கம், பராமீட்டர்களின் ஸ்கீமா (டூலுக்குக் கொடுக்க வேண்டிய மதிப்புகளின் பெயரும் வகையும் கொண்ட பட்டியல்), அவ்வளவுதான் அதற்குத் தெரிந்த ஆலை. மொடல் டூலை அழைப்பதற்கென்று 2023 ஜூனில் ஓப்பன்ஏஐ கொண்டுவந்த ஃபங்ஷன் கோலிங்கிலும் சரி, டூல்களை ஏஐயோடு இணைக்கும் பொது முறையாக 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் வெளியிட்ட எம்.சி.பி.யிலும் சரி, மொடலின் கண்ணுக்குப் போவது இந்த மூன்றும்தான். டூலின் உள்ளே இருக்கிற நிரல் அதற்குத் தெரியாது.

அன்றிரவே திருத்தினேன். பராமீட்டரின் பெயரை "எடை_கிலோ" ஆக்கினேன். விளக்கத்தை இப்படி மாற்றினேன் (உண்மையில் ஆங்கிலத்தில் எழுதியது, இங்கே தமிழில் தருகிறேன்): "தராசில் நிறுத்த எடை, கிலோகிராமில். பயனர் மூட்டை, சாக்கு, புசல் என்று சொன்னால் இந்த டூலை அழைக்காதே, எடையைக் கேள். மூட்டைக்கு மூட்டை எடை மாறும், நீயாகப் பெருக்காதே." மூட்டை, சாக்கு, புசல் மூன்றையும் தமிழ் எழுத்திலேயே ஆங்கில விளக்கத்துக்குள் விட்டேன். முதலாளியின் வாயில் வருகிற சொல் அதுதானே. ஈரப்பதத்துக்கும் அதே வேலை பார்த்தேன்: 14 வீதம் என்றால் 14 என்று அனுப்பு, 0.14 என்று அனுப்பாதே.

பலர் டூல் என்ன செய்யும் என்று மட்டும் எழுதுகிறார்கள். எப்போது அழைக்கக் கூடாது என்பது அதைவிட முக்கியம் என்பது என் எண்ணம். என்னிடம் "கொள்முதல் தேடு", "இருப்புப் பார்" என்று இரண்டு டூல் இருந்தன. இரண்டின் விளக்கமும் "நெல் விவரம் தரும்" என்ற மாதிரித்தான் தொடங்கின. ஏஜென்ட் மாறி மாறி எடுத்தது. ஒவ்வொன்றிலும் "இதற்கு மற்றதை எடு" என்று ஒரு வரி சேர்த்த பிறகுதான் அது நின்றது.

பிழைச்செய்தியும் விளக்கத்தில் சேர்த்திதான், இதைத் தயவுசெய்து அலட்சியப்படுத்தாதீர்கள். ஒரு நாள் மழைக்கு இணைப்பு அறுந்துபோக, என் டூல் ஒன்றும் இல்லாத வெறும் பட்டியலைத் திருப்பி அனுப்பியது. ஏஜென்ட் அதைப் பார்த்து "இண்டைக்குக் கொள்முதல் ஒண்டும் இல்லை" என்று முதலாளிக்குச் சொல்லிவிட்டது. முற்றத்தில் மூட்டைகள் அடுக்கிக் கிடக்கின்றன! இப்போது அந்த இடத்தில் வருவது: "தரவுத்தளத்தை எட்ட முடியவில்லை. கொள்முதல் இல்லை என்று சொல்லாதே. ஒருமுறை மறுபடி முயற்சி செய், பிறகும் இல்லையென்றால் பயனரிடம் இணைப்புப் பிரச்சினை என்று சொல்."

அழிக்கிற, பணம் நகர்த்துகிற டூல்களுக்கு விளக்கத்தை மட்டும் நம்ப வேண்டாம். எம்.சி.பி.யில் இது அழிக்கும் டூல் என்று குறிக்க வழி உண்டு, ஆனால் அது வெறும் குறிப்புத்தான், பூட்டு அல்ல. ஆளிடம் உறுதி கேட்பதை நிரலிலேயே வையுங்கள்.

நீளத்தைப் பற்றியும் கேட்பீர்கள். எல்லா விளக்கமும் மொடலின் கொன்டெக்ஸ்ட்டுக்குள் (அது ஒரே நேரத்தில் படிக்கக்கூடிய அளவான இடத்துக்குள்) போய் உட்காருகிறது, ஆகவே வெறும் அலங்கார வரி வேண்டாம். அலகு, உதாரணம், விலக்கு ஆகியவற்றில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.

சோதிப்பதற்கு நான் செய்கிற ஒரு வேலையைச் சொல்கிறேன். விளக்கங்களை மட்டும் அச்செடுத்து, ஆலைப் பக்கமே போகாத என் தங்கச்சியிடம் கொடுத்தேன். முதலாளி பேசுகிற மாதிரி ஐந்து வசனம் சொல்லி, எந்த டூல், எந்த இடத்தில் என்ன போடுவாய் என்று கேட்டேன். மூன்றாவது வசனத்தில் நின்றுவிட்டாள். "அண்ணா, கழிவு எண்டு கிடக்கே, இது காசில குறைக்கிறதோ, எடையில குறைக்கிறதோ?"

எனக்கே திடமாகத் தெரியவில்லை. ஆலைக்கு அழைத்துக் கேட்டேன். ஈரத்துக்கும் பதருக்கும் எடையில்தான் குறைப்பார்களாம். அந்தப் பராமீட்டர் இப்போது "எடைக்_கழிவு_கிலோ".