மார்கழியில் ஹீட்டர் இல்லாமல் வீட்டை எப்படிக் கதகதப்பாக வைப்பது?

வெப்பக் காப்பு என்றால் உள்ளே இருக்கும் சூட்டை வெளியே விடாமல் பிடித்து வைப்பது. டீக்கடை பிளாஸ்க் டீயைச் சூடாக்குவதில்லை, ஆறவிடாமல் காக்கிறது; அதே வேலைதான்.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வானம் தெளிந்ததும், பகலில் வாங்கிய சூட்டைக் கூரையும் தரையும் இரவில் வானத்துக்கே விட்டுவிடும். தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் விடிகாலையில் 20 டிகிரியை ஒட்டி இறங்குவது அதனால்தான். வயலில் நிற்கும் தண்ணீரின் ஈரமும் சேர்ந்துகொள்ளும்.

முதலில் தரையைக் கவனியுங்கள். சிமெண்ட் தரையும் டைல்ஸும் உடம்புச் சூட்டை வேகமாக உறிஞ்சும். ஒற்றைக் கோரைப்பாய் போதவே போதாது. பாய், மேலே நாலாக மடித்த ஜமுக்காளம், அதற்கு மேல் இலவம்பஞ்சு மெத்தை. பஞ்சுக்குள் அடைபட்ட காற்றுதான் குளிரைத் தடுக்கிறது. ஈரம் ஏறினால் பஞ்சு கட்டிதட்டி அந்தக் காற்று போய்விடும். ஆகவே 11 மணிக்கு மெத்தையை வெயிலில் போட்டு, 3 மணிக்குள் எடுத்துவிடுங்கள். பனி இறங்கும்வரை விட்டால் காயப்போட்டதே வீண்.

மாலை 5 மணிக்கு ஜன்னலைச் சாத்துங்கள். கதவடி இடுக்கில் பழைய வேட்டியைச் சுருட்டி வையுங்கள். முற்றம் வைத்த ஓட்டு வீட்டில், படுக்கும் அறைக் கதவை மட்டும் அடைத்தாலே குளிர் குறையும். ஈரத்துணியை அந்த அறையில் உலர்த்த வேண்டாம்.

கரியடுப்பில் புகை அடங்கிவிட்டால் பூட்டிய அறையில் வைக்கலாம் என்று பலர் நம்புகிறார்கள். அது தவறு, கனலும் கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை, தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும்.